எழுத்துக்கு முளைத்த வால்

படம் பார்க்கப் போகிறவர்கள் பாதி நேரம் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் நம்பியதில்லை. "உமக்கு விசர்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பிலிம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது ஓடுவதில்லை. ஒரு படம் வந்து லென்சுக்குப் பின்னால் நிற்கும். பிறகு சட்டென்று கீழே இழுபடும், அடுத்த படம் வந்து நிற்கும். இழுபடுகிற அந்தக் கணம் கண்ணில் பட்டால் எல்லாம் கலங்கிப்போகும். ஆகவே அந்தக் கணத்தில் வெளிச்சத்தை மறைக்க லென்சுக்கு முன்னால் மூன்று இதழ் வைத்த ஒரு தகடு சுழன்றுகொண்டிருக்கும். ஓர் இதழ் அந்தக் கணத்தை மறைக்கும், மற்ற இரண்டும் வெளிச்சம் சிமிட்டுவது கண்ணுக்குத் தெரியாமல் செய்யும். ஷட்டர் என்பது அதன் பெயர். எங்கள் பட்டணத்துக் கொட்டகையில் எல்லாரும் அதை விசிறி என்றே சொன்னார்கள்.

நான் அந்த விசிறிகளைத் திருத்துகிறவனாக இருந்தேன். பேசும் படங்கள் யாழ்ப்பாணத்துக்கு வருவதற்கு முந்திய சில வருடங்களிலும் வந்த பிறகும், குடாநாட்டில் படம் காட்டிய மெசின்களில் என் கை படாதவை குறைவு. பெருமை பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். அந்தப் பெருமை தலைக்கு ஏறி நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மருதனார்மடம் சந்தியில், சந்தைக்கு எதிர்ப்பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. தையல் மெசின், மணிக்கூடு, சைக்கிள் என்று எது வந்தாலும் பார்ப்பேன். ஒரு நாள் மத்தியானம் பட்டணத்துக் கொட்டகை முதலாளி காரில் வந்து இறங்கி, சாக்கில் சுற்றிய ஒன்றை என் மேசையில் வைத்தார். அவிழ்த்துப் பார்த்தால் நெளிந்து சுருண்ட ஒரு தகடு. மெசினை இடம் மாற்றும்போது யாரோ விழுத்திவிட்டார்களாம். புதிது பம்பாயிலிருந்து வர மாதக்கணக்காகும் என்றார்.

"தையல் மெசின் திருத்திற ஆளுக்கு இது பெரிய வேலையோ?" என்று கேட்டார்.

பெரிய வேலைதான். ஆனால் அப்படிக் கேட்டால் என்னைப் போன்றவன் இல்லை என்றுதான் சொல்லுவான்.

பிஸ்கட் தகரத்தை வெட்டித் தட்டி மூன்று இதழ் செய்தேன். முதலில் செய்தது மெசினில் பூட்டிச் சுற்றியதும் கோழி சிறகடிப்பது போலப் படபடத்தது. ஒரு இதழ் மற்ற இரண்டையும்விட அரிசியளவு பாரம் கூடினாலும் அது போதும், மெசின் முழுவதும் நடுங்கும், திரையில் படமும் நடுங்கும். தகட்டை ஒரு தையல் ஊசியில் கோத்துத் தொங்கவிட்டு, எந்த இதழ் கீழே வருகிறது என்று பார்த்து, அதை அரத்தால் ராவி, மறுபடி தொங்கவிட்டு, மறுபடி ராவி, எந்தப் பக்கமும் இறங்காமல் நிற்கும்வரை இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். வெளிச்சம் பட்டுத் தெறிக்காமல் இருக்க லாம்புக் கரியை வார்னிசில் குழைத்துப் பூசினேன். அந்தக் கரி வாசனை இன்றைக்கும் எங்காவது வந்தால் என் மனம் அந்தக் கடை மேசைக்குப் போய்விடும். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. உலகத்தில் திருத்த முடியாத பொருள் ஒன்று இருக்கும் என்று நான் நம்பாத காலம் அது.

விசிறியைச் செய்வது பாதி வேலை. அதை மெசினில் சரியான இடத்தில் இருத்துவது மீதிப் பாதி. பிலிமை இழுக்கிற பல்லுச் சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றி, இழுவை சரி பாதியில் வரும்போது நிறுத்தவேண்டும். அந்த நிலையில் விசிறியின் ஓர் இதழ் லென்சைச் சரி நடுவாக மூடி நிற்கவேண்டும். அப்படி வைத்துத் திருகாணியை இறுக்கவேண்டும். இறுக்கும்போது ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பிழைதான். இதழ் பிந்தி மூடினால் வெள்ளை எழுத்துகளிலிருந்து மேல்நோக்கி வெள்ளைக் கோடுகள் இழுபடும். முந்தித் திறந்தால் கீழ்நோக்கி இழுபடும். கொட்டகையில் அதற்கு வால் என்று பெயர். வால் எந்தப் பக்கம் என்று பார்த்துத் திருகாணியை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று நான் கண்டுபிடித்த நாளில், சீனவெடி வாங்கிக் கொளுத்தாத குறை.

கொட்டகை என்றால் தகரக் கூரையும் ஓலைத் தட்டியும்தான். முன்னால் மணல் தரை, நடுவில் வாங்குகள், பின்னால் கொஞ்சக் கதிரைகள். பேசாத படங்கள். திரையில் இடைக்கிடை கறுப்பில் வெள்ளை எழுத்து வரும், அது இங்கிலீசில் இருக்கும். வலிகாமத்திலிருந்து மாட்டு வண்டி கட்டி வந்த கமக்காரருக்கும் குருநகரிலிருந்து நடந்து வந்த கடல்தொழில் செய்கிற சனத்துக்கும் இங்கிலீஸ் எழுத்தால் என்ன பிரயோசனம்? அதற்காகத் திரையின் பக்கத்தில் ஒருவர் நின்று எழுத்தை வாசித்துத் தமிழில் கதை சொல்லுவார்.

எங்கள் கொட்டகையில் கதை சொன்னவர் குருநகர்க்காரர். ஐம்பது வயதிருக்கும். மிசன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஸ் படித்தவர். கோயில் திருநாளுக்குக் கூத்துப் பழக்குகிறவர் என்பதால் எல்லாரும் அவரை அண்ணாவியார் என்றே கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, கையில் ஒரு பிரம்பு. எழுத்து வந்ததும் ஒருமுறை பார்ப்பார், பிரம்பால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார், பிறகு தொடங்கும் குரல். இங்கிலீசில் ஒரு வரி இருந்தால் அவர் வாயில் அது பத்து வரியாகும். அழுகிற காட்சிக்குக் கூத்து மெட்டில் ஒரு விருத்தம் விழும். வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி அவர் வாயில் "என்ரை ராசா, என்னை விட்டிட்டுப் போறீரோ" என்று அழுவாள், வாங்கில் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைப்பார்கள். படத்துக்காக வந்தவர்கள் பாதிப்பேர், அவருக்காக வந்தவர்கள் பாதிப்பேர் என்று முதலாளியே சொல்லுவார். நானும் அவருக்காகப் போனவன்தான். விசிறியைப் பார்க்கிற சாட்டில் மெசின் அறை யன்னலில் நின்று எத்தனையோ மாலைகள் அவரைக் கேட்டிருக்கிறேன். அந்த மாலைகளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

புது விசிறி பூட்டிய பிறகு, வால் என்று என்னை முதலில் கூப்பிட்டனுப்பியவரும் அவர்தான்.

"எழுத்துக்கு வால் முளைச்சிருக்குத் தம்பி," என்றார். "மேலை மேலை இழுபடுது. வாசிக்கக் கண் வலிக்குது."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். திருகாணி தளர்ந்து விசிறி பிந்திப்போயிருந்தது. அரை மணி நேர வேலை. அன்று மாலை அவர் கதை சொல்லி முடித்ததும் மெசின் அறைக்கு ஏறி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "துடைச்சுவிட்ட மாதிரி இருக்குத் தம்பி. கோடி புண்ணியம்." இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு நன்றியா என்று எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.

இரண்டு கிழமை கழித்து மறுபடியும் ஆள் அனுப்பினார். வால் வந்துவிட்டதாம். நான் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். ஒரு வாலும் இல்லை. எழுத்துகள் அச்சுப் புத்தகத்தில் இருப்பது போல நின்றன. ஆனாலும் பெரியவர் சொல்லுகிறாரே என்று திருகாணியைத் தளர்த்தி, அதே இடத்தில் மறுபடி இறுக்கினேன். அவர் திரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, "கொஞ்சம் பறவாயில்லை," என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் ஒன்றையும் மாற்றவில்லையே.

மூன்றாம் முறை கூப்பிட்டார், நாலாம் முறை கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் மருதனார்மடத்திலிருந்து பட்டணத்துக்கு வெயிலில் சைக்கிள் மிதிக்கவேண்டும். நாலாம் முறை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். மெசின் ஓட்டுகிற ஒப்பரேட்டர் என் வயதுக்காரன், நக்கலுக்குப் பேர் போனவன். "என்ன ஐசே, உமக்கு விசிறி பிடிபடேல்லைப் போல," என்றான். அன்றைக்கு நான் அண்ணாவியாரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்த ஆவணியில் எனக்குக் கலியாணம் நடந்தது. மனைவி உடுவிலில் பெண்கள் கல்லூரியில் படித்தவள். என்னைவிட நன்றாக இங்கிலீஸ் வாசிப்பாள். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். அவளைப் படம் பார்க்கக் கூட்டிப்போனேன். படத்தைக் காட்டுவதைவிட என் விசிறியைக் காட்டுகிற ஆசைதான் எனக்கு. பின்னால் கதிரையில் இருத்தி, ஷட்டர் என்றால் என்ன என்று அவள் காதுக்குள் ஒரே விளக்கம். பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

படத்தின் நடுவில் ஒரு நீண்ட எழுத்து வந்தது. அண்ணாவியார் பார்த்தார். பிரம்பைத் தட்டினார். குரல் வரவில்லை. முன்னாலிருந்து யாரோ "சொல்லுங்கோவன்" என்றார்கள். எழுத்து மறைந்துவிட்டது. அவர் சனத்தைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தார்.

"மகாசனங்களே, நான் என்ன செய்ய? எழுத்தை எங்கடை விசிறிக்காரர் திண்டுபோட்டார். மருதனார்மடத்திலை போய்க் கேளுங்கோ."

கொட்டகை முழுவதும் சிரித்தது. யன்னலால் ஒப்பரேட்டர் எட்டிப் பார்த்து என்னைத் தேடினான். இருட்டில் இருந்தபடியால் தப்பினேன். முகம் எரிந்தது. கலியாணம் முடித்துப் பத்து நாளாகவில்லை, பக்கத்தில் புதுப் பெண்சாதி. அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோசமாகப் போயிருப்பேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் வண்டிக்குள் அவள்தான் முதலில் வாய் திறந்தாள். "எழுத்து வடிவாத் தெரியுது. ஒரு வாலும் இல்லை."

"அதைத்தானே நான் சொல்லுறன்," என்றேன்.

"அவர் வாசிக்கேல்லை," என்றாள். "துவக்கத்திலையிருந்தே பாத்துக்கொண்டிருந்தனான். எழுத்திலை இருக்கிறது ஒண்டு, அவர் சொல்லுறது ஒண்டு. படத்தைப் பாத்துக் கதையைப் பிடிச்சுச் சொல்லுறார். அவருக்குக் கண் தெரியேல்லைப் போல." பிறகு சொன்னாள்: "விடுங்கோ. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. தெரிஞ்சால் அந்த மனிசன்ரை சோறு போயிடும்."

"என்ரை பேர்?" என்றேன்.

"உங்களுக்கு நாளைக்கும் தையல் மெசின் வரும். அவருக்கு என்ன வரும்?"

அவள் சொன்னதில் ஒரு சொல்லாவது பிழை என்று அன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. இருந்தும் கேட்கவில்லை. கேட்க விடவுமில்லை, எங்கள் சந்தி. மறுநாள் காலை கடையைத் திறந்ததும் எதிரே வெங்காயம் விற்கிறவர் கூவினார்: "இண்டைக்கு எத்தினை எழுத்துத் திண்டனீர்?" அதற்குப் பிறகு சந்தைக்கு வந்தவன் போனவன் எல்லாருக்கும் அது ஒரு விளையாட்டு. மணிக்கூடு திருத்தக் கொண்டுவந்த ஒருவர், "இதிலை உள்ள நம்பருகளையாவது விட்டுவையும்," என்று சொல்லித்தான் தந்தார். அந்த வயதில் எதையும் பொறுப்பேன், என் கைவேலையைப் பார்த்துச் சிரித்தால் பொறுக்கமாட்டேன். அந்தக் கிழமை முடிவதற்குள் முதலாளியும் வந்தார். கொழும்பிலிருந்து ஆளைக் கூப்பிடப்போவதாகச் சொன்னார். கதை சொல்லுகிறவருக்கு எழுத்துத் தெரியாவிட்டால் கொட்டகையை மூடவேண்டியதுதான் என்றார்.

"விசிறியிலை பிழை இல்லை முதலாளி," என்றேன். "நாளைக்குப் பின்னேரம், சனம் வர முதல், ஒரு மணித்தியாலம் தாருங்கோ. காட்டுறன்."

அப்போதும் எனக்கு ஒரு வழி இருந்தது. திருகாணி தேய்ந்துவிட்டது, புதிது போடவேண்டும் என்று ஏதாவது ஒரு பொய் சொல்லி, இன்னும் இரண்டு மூன்று மாதம் கடத்தியிருக்கலாம். அதற்குள் அவர் கண் பழுதை மறைக்க வேறு வழி பார்த்திருப்பார். யாராவது ஒருவரைப் பக்கத்தில் வைத்து எழுத்தைக் காதுக்குள் சொல்லச் செய்திருக்கலாம். இதெல்லாம் பிறகு, வயது போன பிறகு, யோசித்தது. அன்றைக்கு எனக்கு மூளை வேறு பக்கம்தான் வேலை செய்தது, நன்றாகவும் வேலை செய்தது.

மெசினோடு கூட ஒரு கண்ணாடி விளக்கும் உண்டு. படத்துக்கு முன் சவர்க்கார விளம்பரமும் "நல்வரவு" என்ற எழுத்தும் கண்ணாடித் தகட்டில் காட்டுவார்களே, அதற்கானது. அந்த வெளிச்சம் வேறு லென்சால் போகும். அதில் பிலிம் இல்லை, இழுவை இல்லை, ஆகவே விசிறிக்கும் அதற்கும் எந்தத் தொடுப்பும் இல்லை. அதில் வால் வரவே வராது. யாராவது அதில் வாலைக் கண்டால் வால் அவர் கண்ணில்தான் இருக்கிறது.

ஒரு கண்ணாடித் துண்டை லாம்புப் புகையில் கறுப்பாக்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். "ஷட்டர் சோதிக்க வேணும், இதிலை இங்கிலீசிலை ஏதும் எழுதித் தாரும்," என்று மனைவியிடம் ஓர் ஊசியைக் கொடுத்தேன். என்ன எழுத என்றாள். எதையாவது என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, கிணற்றடி வாழைக்குலை பழுத்துவிட்டது, அணில் தின்ன முதல் வெட்டவும் என்று அழகாக எழுதித் தந்தாள். மூன்று நாளாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த வேலை அது.

அடுத்த நாள் பின்னேரம் கொட்டகைக் கதவுகளைச் சாத்தினோம். வெளியே நல்ல வெயில். தகரத்தின் ஆணி ஓட்டைகளால் ஒளிப் புள்ளிகள் மணலில் விழுந்து கிடந்தன. முதலாளிக்கு நான் எல்லாவற்றையும் முதலே சொல்லியிருந்தேன். அவர் முன் வாங்கில் இருந்தார். அண்ணாவியார் தம் வழக்கமான இடத்தில், திரையின் பக்கத்தில், பிரம்போடு நின்றார். புதிதாக வந்த படத்தின் துண்டு ஒன்றைப் போட்டு விசிறியைச் சோதிக்கப்போகிறோம் என்று அவரிடம் சொல்லியிருந்தது. நான் மெசின் அறையில் விசிறியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பிலிம் போடாத வெறும் மெசினின் கைபிடியை ஒப்பரேட்டர் சுற்றினான், சத்தத்துக்காக. நான் கண்ணாடியைத் தள்ளினேன். என் மனைவியின் கையெழுத்து திரை முழுக்க விரிந்தது. ஒரு நடுக்கமில்லை, ஒரு கோடு இழுபடவில்லை.

"எப்பிடி அண்ணாவியார்?" என்று முதலாளி கேட்டார்.

அவர் கண்ணைச் சுருக்கினார். கிட்டப் போனார், தூரப் போனார். "அதே வால்தான்," என்றார். "முந்தியைவிடக் கூட."

ஒப்பரேட்டர் வாயைப் பொத்திக்கொண்டான். என் நெஞ்சு படபடவென்று அடித்தது. சந்தோசத்தில்தான் அடித்தது, அதை ஒளிக்க மாட்டேன்.

"வாசிக்கக்கூடிய மட்டும் வாசியுங்கோவன்," என்றார் முதலாளி.

பிரம்பு தரையில் ஒரு தட்டுத் தட்டியது. அந்தக் குரல் எழுந்தது. சிறையில் கிடக்கிற அரசகுமாரி தன் நாயகனுக்கு ஓலை எழுதுகிறாள் என்றார். அன்னம் தண்ணி இல்லை, நிலவைப் பார்த்து நாட்களை எண்ணுகிறேன், நீர் வந்து என்னை மீட்கவேண்டும் என்று எழுதுகிறாள் என்றார். நடுவில் ஒரு விருத்தம்கூடப் பாடினார். அவர் அவ்வளவு அருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்குப் பின்னால் திரையில் வாழைக்குலையும் அணிலும் அசையாமல் நின்றன. ஒப்பரேட்டர் தாங்கமுடியாமல் சிரித்துவிட்டான். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

நான் விசிறியைக் கையில் பிடித்தபடி படி இறங்கி அவருக்கு முன்னால் போய் நின்றேன். சொல்ல ஒரு வசனம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அதற்கு வேலை இருக்கவில்லை. பாட்டு முடிந்திருந்தது. அவர் தலையைச் சாய்த்து மெசின் அறைப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விசிறிச் சத்தம் கேக்கேல்லை," என்றார். "கழட்டிப்போட்டீர், என்ன தம்பி?"

"ஓம்," என்றேன். "பிலிமும் இல்லை. இது கண்ணாடி விளக்கு."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டினார். நான் விசிறியைக் கொடுத்தேன். இதழ் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். சால்வையை உதறித் தோளில் போட்டார். "நாளையிலையிருந்து வேறை ஆளைப் பாருங்கோ முதலாளி," என்று சொல்லிவிட்டு, வாங்குகளை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுத் தொட்டு வாசலுக்குப் போனார். அவர் அப்படித் தொட்டுத்தான் நடப்பார் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

முதலாளி என்னிடம், "நீர் சொன்னது சரிதான்," என்றார். அவ்வளவுதான். அதற்காகத்தானே பாடுபட்டேன், கிடைத்துவிட்டது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். இன்னும் வெற்றி மயக்கம் தீரவில்லை. "உம்மடை வாழைக்குலை அரசகுமாரியாப் போச்சு," என்றேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "என்ரை கையெழுத்தாலையோ?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு பல நாள் எனக்கு ஒழுங்காகச் சோறு கிடைத்தது, கதை கிடைக்கவில்லை.

கொட்டகைக்குக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிற பொடியன் ஒருவன் வந்தான். எழுத்தில் உள்ளதை உள்ளபடி வாசித்தான், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். சனம் தங்களுக்குள் கதைத்துக்கொண்டு கச்சான் கடலை உடைத்துத் தின்றது. ஒருவரும் அழவில்லை. இரண்டு வருடத்துக்குள் பேசும் படம் வந்தது. மெசின் வேகமாக ஓடவேண்டியிருந்ததால் மூன்று இதழ் விசிறிக்குப் பதில் இரண்டு இதழ் போதும் என்றானது. நான் குடாநாடு முழுக்கத் திரிந்து இதழ் மாற்றிக் கொடுத்தேன். கதை சொல்லுகிறவர்கள் எல்லாக் கொட்டகையிலும் வேலை இழந்தார்கள். எப்படியும் அவர் போகவேண்டியவர்தான், என்னால் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. அந்தச் சமாதானத்தை ஒரு நாள் மனைவியிடமும் சொன்னேன். அவள், "அதை அவரிட்டைப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ," என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு கட்டுச் சுருட்டு வாங்கிக்கொண்டு குருநகருக்குப் போனேன். கோயில் வளவில் கூத்துப் பழக்கம் நடந்துகொண்டிருந்தது. அவர் ஒரு கதிரையில் இருந்து மத்தளத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஆடுகிறவர்களில் ஒருவன் அடி பிழைத்ததும் முகத்தைத் திருப்பாமலே கையை உயர்த்தி நிறுத்தினார். கண் முழுதாகப் போய்விட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் வந்து இன்னார் என்றதும் சிரித்தார். பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

நான் வழியெல்லாம் யோசித்து வந்ததைத் தொடங்கினேன். பேசும் படம் வந்து எல்லாருக்கும்தானே வேலை போய்விட்டது என்றேன். ஓம் என்றார். சுருட்டை முகர்ந்து பார்த்தார். பிறகு அவர் தொடங்கினார், கோபம் இல்லாமல், அடுத்த வீட்டுக் கதை சொல்லுவது போல.

"நீர் முதல் முதல் வந்து திருத்தினீரே, அதுக்கு முந்தின கிழமைதான் தம்பி நான் ஆசுப்பத்திரியிலை கண்ணைக் காட்டினனான். உள் நரம்பு செத்துக்கொண்டு போகுது, ஒண்டும் செய்யேலாது எண்டு டாக்குத்தர் துரை சொல்லிப்போட்டார். எழுத்தெல்லாம் இழுபடும், பிறகு இருண்டிடும் எண்டார். நான் வீட்டிலைகூடச் சொல்லேல்லை. நீர் வந்தீர். அரை மணித்தியாலம் திருகாணியைத் திருப்பினீர். எழுத்துத் துடைச்சுவிட்ட மாதிரி வந்துது. அப்ப நான் நினைச்சன், துரைக்கு ஒண்டும் தெரியாது, என்ரை கண்ணிலை பிழை இல்லை, எல்லாம் விசிறிதான் எண்டு."

நான் அவர் பக்கம் நெருங்கி இருந்தேன்.

"விசிறி எண்டால் திருத்தலாம்தானே. அதாலைதான் திருப்பித் திருப்பி உமக்கு ஆள் அனுப்பினனான். இந்த முறை திருத்திப்போடுவார், இந்த முறை திருத்திப்போடுவார் எண்டு. உம்மைச் சனத்துக்கு முன்னாலை ஏசினதும் அந்தக் கோவத்திலைதான். கேட்டது தராட்டி நாங்கள் மாதாவோடையும் கோவிக்கிறனாங்கள்தானே. விசிறியும் பிலிமும் இல்லாமல் மெசின் ஓடுற சத்தம் கேட்டுதே, அப்பவும் எனக்கு வால் தெரிஞ்சுதே, அண்டைக்குத்தான் தம்பி துரை சொன்னது உண்மை எண்டு எனக்குத் தெரிஞ்சுது."

என் கைவேலையை நம்பாத ஒரே மனிதர் என்று நான் அவரைப்பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருந்தேன். மன்னியுங்கோ அண்ணாவியார் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவர் காற்றில் தடவி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி இது, பிள்ளையள் பாக்குதுகள்," என்றார். மெசின் அறையில் அன்று பிடித்தது போலவே இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.